பிறப்புச் சான்றில் அப்பா பெயர்: சேலம், ஏற்காடு பக்கம் உங்கள் அனுபவம்

நாகலூர்க்காரி:
என் தங்கச்சி விஷயம். தாலி கட்டவில்லை, ஆனால் எஸ்டேட் லைன் வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்துதான் இருந்தார்கள், ஊருக்கே தெரியும். பிரசவம் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில். பிறப்புப் பதிவுக்கு விவரம் எழுதியவர் "கல்யாணம் ஆச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும் தகப்பன் பெயர்க் கட்டத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்த நேரம் அந்த மனுஷன் கதவுக்கு வெளியே வெந்நீர் பிளாஸ்க்கோடு நிற்கிறார். கையெழுத்துப் போடத் தயாராக வந்தவர், அவரை உள்ளே வா என்று ஒருத்தரும் கூப்பிடவில்லை. இப்போது திருப்பூரில் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டு "என் பிள்ளைன்னு என்ன ஆதாரம்?" என்கிறார். அந்தக் கோட்டை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

செவ்வாய்ப்பேட்டை மாமன்:
எங்கள் அக்கா பையனுக்கு நடந்தது. அஸ்தம்பட்டி கோர்ட்டில் ஜீவனாம்ச வழக்கு. டிஎன்ஏ சோதனைக்கு வரவே மாட்டேன் என்று இழுத்தடித்தவன், உத்தரவு வந்த பிறகுதான் வந்தான். ரத்தம் எடுக்கிற இடத்தில் மூன்று பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஊசியைப் பார்த்ததும் பையன் அலறிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவன் விரலைப் பிடித்துக்கொண்டான். அது யார் என்று பையனுக்குத் தெரியாது. அந்த ஆளும் விரலை உருவிக்கொள்ளவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன்தான் தகப்பன் என்று முடிவு வந்தது. மாதாமாதம் பணம் வருகிறது, அவன் மட்டும் வந்ததே இல்லை. நாகலூர் அக்கா, நீங்கள் கேஸ் போடுங்கள்.

அம்மாபேட்டை அம்மா:
எதற்குக் கேஸ்? வேண்டாம் என்று போனவன் பெயரை எதற்குத் துரத்திப் பிடிக்க வேண்டும்? கல்யாணம் ஆகாத தாய், தகப்பன் யார் என்று சொல்லாமலே பிள்ளைக்குச் சட்டப்படி காப்பாளர் ஆகலாம், அவள் பிரமாணப் பத்திரம் கொடுத்தாலே பிறப்புச் சான்று தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2015லேயே சொல்லிவிட்டது. பாஸ்போர்ட்டுக்கும் 2016 கடைசியிலிருந்து அம்மா பெயர் மட்டும் இருந்தால் போதும். என் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது கிளார்க் அந்தக் காலிக் கட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "ஏதாவது ஒரு பேர் போடுங்கம்மா, யார் பார்க்கப் போறாங்க?" பக்கத்தில் என் மகள் நிற்கிறாள். காலியாகத்தான் இருக்கும் என்று சொல்லி அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். இடமும் கிடைத்தது. செவ்வாய்ப்பேட்டைத் தம்பி, அந்தப் பணம் வந்து உங்கள் அக்காவுக்கு மனசு ஆறியதா?

வக்கீல் குமாஸ்தா:
அம்மாபேட்டை அம்மா காலியாக விட்டது ரொம்பச் சரி. ஒரு வழக்கில் நானே பார்த்தேன். ஒரு பெண், யாரோ சொன்னார்கள் என்று தன் அண்ணன் பெயரையே அப்பா கட்டத்தில் போட்டிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சான்றைத் தூக்கிக் காட்டி "இவர் யாரும்மா?" என்று கேட்டார். அவளுக்கு வாயே எழவில்லை.

ஆனால் "எதற்குக் கேஸ்" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மா பெயரில் சான்று வாங்குவது வேறு, பிள்ளையின் சோற்றுக்கும் படிப்புக்கும் அவனிடம் கேட்பது வேறு. கல்யாணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு. முன்பு அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125வது பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144வது பிரிவு. நாகலூர் அம்மா, அவர் திருப்பூரில் இருந்தால் என்ன? இரண்டு பேரும் கடைசியாக எங்கே சேர்ந்து இருந்தார்களோ அந்த மாவட்டத்திலேயே, அதாவது சேலத்திலேயே மனு போடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வக்கீல் இலவசம், வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதில்லை. டிஎன்ஏவைக் கேட்டவுடனே கோர்ட் கொடுத்துவிடாது, முதலில் மற்ற ஆதாரத்தைப் பார்க்கும். ரேஷன் கார்டு, ஆஸ்பத்திரியில் வேறு எந்தத் தாளிலாவது அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அது, போட்டோ, பணம் அனுப்பிய ரசீது, லைன் வீட்டுப் பக்கத்துக்காரர்கள் சாட்சி, எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உத்தரவு போட்டும் அவர் வராவிட்டால், அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள நீதிபதிக்கு வழி உண்டு.

இன்னொன்று, நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள். தாய்க்கு முன்னால் ஒரு கல்யாணம் ஆகி அது ரத்தாகாமல் இருந்தால், பிறக்கிற பிள்ளைக்குச் சட்டம் அந்தப் பழைய புருஷனைத்தான் அப்பாவாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் அவரோடு சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால்தான் அது மாறும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதைத்தான் சொன்னது. சொத்துப் பேச்சு வந்தால் அது தனி. ரொம்பக் காலம் புருஷன் பெண்டாட்டியாக வாழ்ந்திருந்தால் கல்யாணம் நடந்ததாகவே கோர்ட் அனுமானிக்கலாம். மாலை மாற்றிக்கொண்டதற்குச் சாட்சி இருந்தால் அதையும் விடாதீர்கள், சுயமரியாதைத் திருமணம் நம் மாநிலத்தில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி செல்லும்.

மலைக்காட்டுப் பையன்:
குமாஸ்தா அண்ணா, காகிதத்தைத் தேடு என்கிறீர்கள். மேலே எங்கள் ஊரில் காகிதம் எங்கே இருக்கிறது? என் அப்பா மலையாளி (கேரளக்காரர் இல்லை, இந்த மலைப் பழங்குடி), அம்மா கீழ்நாட்டுக்காரர், கல்யாணம் நடக்கவில்லை. வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி. எஸ்டி சான்றுக்கு விண்ணப்பித்ததும் இவர் மகன்தான் நீ என்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். என் பிறப்புச் சான்றில் அம்மா பெயர் மட்டும்தான். விசாரணைக்கு வந்த அன்று ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, "இவன் எங்க பையன். பொறந்தன்னைக்குத் தூக்கினது நான்" என்று அதிகாரி முகத்துக்கு நேராகச் சொன்னார். அப்பா அவருக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டியது அவர்தானே? கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இன்னும் சான்று வரவில்லை. கவுன்சிலிங்குக்கு முன்னால் வேண்டும். அப்பா இப்போது பிரமாணப் பத்திரம் எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். அது போதுமா, இல்லை கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.