உதவி தேவை: புதுக் கமராவில் மீன்பிடிப் படங்கள் எல்லாம் வெள்ளையாய் வருகின்றன

கரையோரப் பொடியன்
வணக்கம். கமரா வாங்கி இரண்டு கிழமைதான். நேற்று யாழ்ப்பாணம் பண்ணைக் கடலில் வீச்சு வலை வீசுகிறவர்களை எடுக்கப் போனேன், நாற்பது படம் எடுத்தேன், ஒன்றும் சரியில்லை. சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை, வலை விரிகிற இடத்தில் புகை போல ஒரு தடம் மட்டும். என் பழைய போனே இதைவிட நன்றாக எடுக்கும். சனி விடிய மாமாவோடு குருநகருக்குப் போகிறேன், அதற்குள் யாராவது சொல்லுங்கோ. மூன்று படம் போட்டிருக்கிறேன். கமராவில் பிழையென்றால் கடையில் திருப்பிக் கொடுக்கலாமா?

வல்லிபுரத்தான்
என்ன கமரா? என்ன லென்ஸ்? எத்தனை மணிக்கு எடுத்தது? இதெல்லாம் தெரியாமல் எதைச் சொல்ல?

நீலவெளி
எனக்குப் பார்த்தவுடனே தெரிகிறது, தண்ணீர்ப் பளபளப்புத்தான் பிரச்சினை. போலரைசர் என்று பளபளப்பை வெட்டுகிற ஒரு கண்ணாடி வடிகட்டி இருக்கிறது, அதை வாங்கி லென்ஸின் முன்னால் மாட்டி, மெதுவாய்ச் சுற்றிப் பாருங்கள். வெயில் உங்கள் பக்கவாட்டில் இருந்தால் பளபளப்பு விலகி, பண்ணையின் ஆழமில்லாத தண்ணீரில் அடியில் கிடக்கும் சாதாழைக் கடற்புல்கூடத் தெரியும். நான் அது இல்லாமல் கடலுக்குப் போவதே இல்லை.

சுந்தரி அக்கா
தம்பி, கமராவை ஏசி அறையில் வைத்திருந்தீர்களா? குளிரில் இருந்து நேரே வெளியே கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படிந்து எல்லாம் மூட்டமாய்த்தான் வரும். பொலித்தீன் பையில் நன்றாக மூடி வெளியே வைத்து, சூடு சமப்பட்ட பிறகு எடுங்கோ. எனக்கு ஒரு கல்யாண வீட்டில் அப்படித்தான் முதல் அரைமணித்தியாலம் வீணாய்ப் போனது.

பழைய பிலிம்காரன்
இந்தக் கேள்விக்கு இங்கே பல தடவை பதில் எழுதிவிட்டேன், தேடிப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. கமரா வாங்க முதல் வெளிச்சத்தைப் படிக்க வேண்டும். நல்ல வெயிலில் லென்ஸின் துளை எஃப்16, வெளிச்சத்தை வாங்கும் உணர்வு ஐஎஸ்ஓ 100 என்றால், ஷட்டர் திறந்திருக்கிற நேரம் 1/100 செக்கனுக்குக் கிட்ட. நாங்கள் வெளிச்சம் அளக்கிற மீற்றர் இல்லாமலே 36 படச் சுருளை இந்த ஒரு கணக்கில் எடுத்து முடித்தோம். கையேட்டை ஒரு தரமாவது திறந்து பாரும், பிறகு கடைக்காரரைக் குறை சொல்லலாம்.

கரையோரப் பொடியன்
கனன் 200டி, கூட வந்த 18-55 லென்ஸ். காலை பத்து மணி இருக்கும். எங்கள் வீட்டில் ஏசி இல்லை அக்கா, காற்றாடிதான். ஒட்டோவில்தான் இருந்திருக்கும், நான் ஒன்றையும் மாற்றவில்லை.

வல்லிபுரத்தான்
படத்தை இறக்கி அதன் தகவலைத் திறந்து பார்த்தேன். ஷட்டர் 1/60, எஃப்22, ஐஎஸ்ஓ 3200. இது ஒட்டோ இல்லை, மேல் வட்டில் ரிவி (Tv) என்ற இடத்தில் நிற்கிறது, அதாவது ஷட்டரை நாங்கள் வைக்க, துளையைக் கமரா பார்த்துக்கொள்ளும் முறை. இதற்கு முதல் இரவில் வீட்டுக்குள் ஏதாவது எடுத்தீர்களா?

கரையோரப் பொடியன்
ஓம், அக்காவின் மகனுடைய பிறந்தநாள். கேக் வெட்டும்போது இருட்டாய் இருந்தது, அத்தான் ஏதோ திருகித் தந்தார்.

வல்லிபுரத்தான்
அதுதான். கமராவில் பிழை இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டாம். அத்தான் மெழுகுதிரி வெளிச்சத்துக்கு வைத்த ஐஎஸ்ஓ 3200 அப்படியே நிற்க, நீங்கள் பத்து மணி வெயிலுக்குப் போயிருக்கிறீர்கள். பிலிம்காரர் சொன்ன கணக்கையே போட்டுப் பாருங்கள், ஐஎஸ்ஓ 3200, எஃப்22 என்றால் 1/1600க்குப் பக்கத்தில் வேண்டும். 1/60 என்பது கிட்டத்தட்ட இருபத்தேழு மடங்கு வெளிச்சம். லென்ஸின் துளையைக் கமரா தன்னால் முடிந்தமட்டும் சுருக்கிப் பார்த்திருக்கிறது, இதற்குமேல் முடியாது என்று எஃப் இலக்கம் மினுங்கியும் இருக்கும். வலை புகையாய்ப் போனதும் அதே 1/60ஆல்தான்.

சனிக்கிழமைக்கு ரிவியை மாற்ற வேண்டாம். ஐஎஸ்ஓவை ஒட்டோவில் விட்டு ஷட்டரை 1/1600இல் வையுங்கள், போக்கஸை, அசைகிற ஆளை விடாமல் பின்தொடரும் சேர்வோவிலும் ஷட்டரைத் தொடர்ச்சியாய் எடுக்கும் முறையிலும் வையுங்கள். போக்கஸ் ஆளின் நெஞ்சில் இருக்கட்டும், வலையைத் துரத்தினால் கமரா தடுமாறும். வீசுகிறவர் வலையின் ஒரு பக்கத்தை முழங்கையில் போட்டு, இடுப்பைப் பின்னுக்குத் திருப்புவார். அந்த இடுப்பு முன்னுக்குத் திரும்பத் தொடங்கும்போதே அமத்துங்கள். ஈயக்குண்டுகள் வட்டமாய்ப் பிரிந்து இன்னும் தண்ணீரைத் தொடாத நேரம் ஒரு கண்வெட்டுத்தான், ஒவ்வொரு குண்டின் பின்னாலும் தண்ணீர் நூல் போல இழுபடும். அதைப் பிடித்துவிட்டால் அன்றைக்கு வேறு படமே வேண்டாம்.

சூரியன் எழும்ப முதல் 1/1600 கேட்டால் ஐஎஸ்ஓ ஏறிப் படம் மணல்மணலாய் வரும். அந்த நேரம் 1/125க்கு இறக்கி நிற்கிற ஆட்களை, மீனை ஏலம் கூறுகிற இடத்தை எடுங்கள்.

நீலவெளி
சரி, ஆனாலும் போலரைசர் இருந்தால் நல்லது.

வல்லிபுரத்தான்
வெயில் ஏறிய பிறகு நல்லதுதான். விடியற்காலையில் அது இருக்கிற வெளிச்சத்தில் பாதிக்கு மேல் தின்றுவிடும். முதலில் இருக்கிறதைப் பழகட்டும்.

பாசையூர் மகன்
ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் அப்பா தொழிலுக்குப் போனவர். கரையில் விரித்திருக்கிற வலையை மிதிக்காதீர்கள், வள்ளம் கட்டிய கயிற்றின்மேல் நிற்காதீர்கள், கூறுகிறவருக்கும் மீனுக்கும் நடுவில் போகாதீர்கள். இரவு முழுக்கக் கடலில் நின்றவருக்கு அந்தப் பத்து நிமிடம்தான் கையில் காசு. அப்புறம் முகத்தைக் கிட்ட எடுப்பதென்றால் கேட்டு எடுங்கள்.

பழைய பிலிம்காரன்
கேட்டால் எல்லோரும் விறைத்து நின்று சிரிப்பார்கள், படம் செத்துவிடும். பொது இடத்தில் எடுக்க அனுமதி எதற்கு?

பாசையூர் மகன்
எங்களுக்கு அது பொது இடம் இல்லை ஐயா, வேலைத்தலம். என் அப்பா வெறுமேலோடு சாரத்தை மடித்துக் கட்டி மீன் பிரித்துக்கொண்டிருந்த படத்தை யாரோ எடுத்துப் போட்டு, ஊரெல்லாம் பார்த்த பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த நாள் சேட்டுப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார். அது எனக்கு இன்றும் சுடுகிறது.

சுந்தரி அக்கா
பிலிம்காரர் அண்ணை, ஒரு முறை கேட்டுவிட்டு அரைமணித்தியாலம் அங்கேயே நின்றால் அவர்கள் உங்களை மறந்து தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். நான் பெண்கள் கருவாடு காயவிடுகிற இடத்தில் அப்படித்தான் எடுத்தேன். முதல் இருபது படம் விறைப்பு, பிறகு வந்ததெல்லாம் உயிரோடு வந்தது.

பழைய பிலிம்காரன்
அரைமணித்தியாலம் நிற்க விடிகாலை வெளிச்சம் காத்திருக்காது. ஆனால் அந்தச் சேட்டு விஷயம் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் யாரும் கேட்டிருக்க வேண்டும்தான்.

வல்லிபுரத்தான்
பொடியன் எங்கே? சனி போய் ஞாயிறும் போகிறது.

கரையோரப் பொடியன்
மன்னியுங்கோ, கரண்ட் இல்லை. ஐஎஸ்ஓதான் அண்ணா. 1/1600இல் வலை முழு வட்டமாய் விரிந்து ஒரு படம் வந்திருக்கிறது, ஈயத்தின் பின்னால் தண்ணீர் நூலும் தெரிகிறது. வீசியவர் மாமாவின் கூட்டாளி, கேட்டுத்தான் எடுத்தேன், தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். லென்ஸில் உப்புத்தண்ணீர் தெறித்துவிட்டது, எதால் துடைப்பது?

சுந்தரி அக்கா
காய்ந்தபடி தேய்க்காதீர்கள், உப்பு கீறும். நல்ல தண்ணீரில் மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, இறுக்கிப் பிழிந்து ஒற்றி எடுத்துவிட்டு, பிறகு காய்ந்த துணியால் மெதுவாய்த் துடையுங்கோ. இன்றைக்கே.