மூட்டுத் தேய்மானம் உள்ள குதிரைக்குத் துணை உணவு தேர்ந்தெடுத்த அனுபவங்கள்

செவலை வளர்ப்பவர், பொள்ளாச்சி:

அனைவருக்கும் வணக்கம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் மல்லிக்கு இப்போது பத்தொன்பது வயதாகிறது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், காலையில் அவளை லாயத்திலிருந்து வெளியே அழைத்து வரும்போது, வலப் பின்னங்கால் குளம்பின் நுனி சிமென்ட் தரையில் சர்ரென்று உரசும் ஓசை கேட்கத் தொடங்கியது. பத்து இருபது அடி நடந்த பிறகு அந்த ஓசை நின்றுவிடும் என்பதால், குளிரில் கால் பிடித்துக்கொண்டிருக்கும் என்றே நினைத்தேன். லாடம் அடிக்க வந்தவர் பழைய லாடத்தைக் கழற்றி என் கையில் வைத்தபோதுதான், அதன் முன்விளிம்பு பிறையாகத் தேய்ந்து கத்திபோல் மெலிந்திருந்ததைப் பார்த்தேன்.

அன்றைக்கே மூட்டுக்கான பொடி ஒன்றை வாங்கிவிட்டேன். எந்த மூட்டில் நோய் என்று தெரியாமலேயே வாங்கினேன் என்பதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. இரண்டு டப்பாக்கள் தீர்ந்த பிறகே மருத்துவரை அழைத்தேன். அவர் அந்தக் காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்திருந்து உடனே ஓடவிட்டார். அவள் நொண்டியது எல்லோருக்கும் தெரிந்தது. ஹாக் எனப்படும் பின்னங்கால் நடு மூட்டின் அடிப்பகுதியில் உள்ள சிறிய இணைப்புகளில் தேய்மானம் இருப்பதை எக்ஸ்ரே காட்டியது. அந்த இணைப்புகள் இயல்பிலேயே மிகக் குறைவாகத்தான் அசைபவை என்றும், சில குதிரைகளுக்கு அவை நாளடைவில் ஒன்றாக இறுகிவிடுவதால் வலியே குறைந்துவிடும் என்றும் அவர் விளக்கினார். தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்று டப்பாவில் அச்சிட்டிருந்த வாக்குறுதிக்கும் என் குதிரையின் நோய்க்கும் தொடர்பே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

அதன் பிறகு லேபிளைப் பொறுமையாகப் படித்தேன். ‘மூட்டுக் கலவை’ என்று மொத்த எடை மட்டும் இருந்ததே தவிர, மூட்டுப் பொடிகளில் வழக்கமாகச் சேர்க்கும் பொருள்களான குளுக்கோசமைன் எவ்வளவு, காண்ட்ராய்டின் எவ்வளவு, எம்எஸ்எம் என்னும் கந்தகச் சேர்மம் எவ்வளவு என்ற பிரிவு இல்லை. ஏறத்தாழ 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் குளுக்கோசமைன் கொடுப்பது வழக்கம். ஒரு கரண்டி மொத்தமுமே 5 கிராம் என்றால் கணக்கு எங்கே பொருந்தும்? லேபிளில் எழுதியிருந்தாலும் முழுமையாக நம்பிவிட முடியாது. 2006இல் வெளியான ஓர் ஆய்வில் குதிரைகளுக்கான 23 தயாரிப்புகளைச் சோதித்தபோது, 9 தயாரிப்புகளில் அறிவித்த அளவைவிடக் குறைவான குளுக்கோசமைனே இருந்தது. வாய்வழி கொடுத்த குளுக்கோசமைனில் நூற்றுக்கு ஆறு பங்குகூடக் குதிரையின் ரத்தத்தில் சேரவில்லை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. சராசரியாக 29 வயதுடைய 24 குதிரைகளை வைத்து, குளுக்கோசமைன், காண்ட்ராய்டின், எம்எஸ்எம் கலவையை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில், நடையில் முன்னேற்றம் காணப்படவில்லை. இவற்றையெல்லாம் படித்த பிறகு மூன்றாவது டப்பா வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவருடன் கலந்து பேசி, ஒமேகா-3 கொழுப்புக்காக மீன் எண்ணெயை மட்டும் தேர்ந்தெடுத்தோம். ஆளி விதை மலிவாகக் கிடைத்தாலும், அதிலுள்ள ஒமேகா-3 வகையை மீன் எண்ணெயிலுள்ள வகையாக மாற்றிக்கொள்ளும் திறன் குதிரையின் உடலுக்குக் குறைவு என்பதால் அதை விட்டுவிட்டோம். ஆனால் எண்ணெயை உடனே தொடங்கவில்லை. முதலில் குளம்பு சீவுவதை ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று ஒழுங்குபடுத்தினோம். லாயத்தில் ரப்பர் விரிப்புப் போட்டோம். இரவில் கட்டி வைக்காமல் தோப்பிலேயே நடமாட விட்டோம். எடையையும் குறைத்தோம்: மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,877ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். 186 சுற்றளவும் 165 நீளமும் இருந்தபோது மல்லி 480 கிலோ. சுற்றளவு 181 ஆனபோது 455.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரத்தில், அதே தரையில், உரசும் ஓசை நிற்கும் வரை எத்தனை அடிகள் என்று எண்ணிக் குறித்து வந்தேன். தொடக்கத்தில் இருபத்திரண்டு. எண்ணெய் தொடங்குவதற்கு முன்பே அது பன்னிரண்டாகக் குறைந்துவிட்டது. எண்ணெய் கொடுத்து எட்டு வாரங்களுக்குப் பிறகு ஒன்பது. அந்த மூன்று அடிகளுக்கு எண்ணெய்தான் காரணமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால் இருபத்திரண்டு ஒன்பதானதற்கும் அதையே காரணம் என்று நம்பியிருப்பேன்.

மட்டக் குதிரை வீட்டார், உதகமண்டலம்:

ஐயா, தங்கள் பதிவைப் படித்தபோது எங்கள் அனுபவத்தையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்கள் மட்டக் குதிரை ஒரு வாரம் முன்னங்காலை நொண்டும், மறுவாரம் பின்னங்காலை நொண்டும். வயதானதால் வந்த மூட்டு வலி என்று நாங்களே முடிவுசெய்து, ஐந்து மாதம் பொடி கொடுத்தோம். பார்க்க வந்த மருத்துவர் காலைத் தொடுவதற்கு முன்பே தீவனத் தொட்டியைப் பார்த்தார். அதில் பெரும்பகுதி கோதுமைத் தவிடு. மேய்ச்சலோ முழுவதும் எங்கள் மலையில் எங்கும் பரவிக் கிடக்கும் கிக்குயு புல். தவிட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் ஏறத்தாழப் பத்து மடங்கு அதிகம். கிக்குயு புல்லில் உள்ள ஆக்சலேட்டோ இருக்கிற கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தையும் உடலில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடல் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்போதுதான் இப்படிக் கால் மாறி மாறி நொண்டும் என்று சொல்லி, கண்ணுக்குக் கீழே முகத்தின் இரு புறமும் எலும்பு லேசாகப் புடைத்திருந்ததை என் விரலை வைத்தே தடவிக் காட்டினார். ஒவ்வொரு நாளும் அந்த முகத்தைத் தடவிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

தவிட்டைக் குறைத்தோம், அவர் சொன்ன அளவில் தீவனத்துக்கான கால்சியம் கார்பனேட் சேர்த்தோம், வேறு புல்லும் வாங்கிப் போட்டோம். நடை சீராகப் பல மாதங்கள் ஆயின. முகத்தின் புடைப்பு மட்டும் முழுவதும் மறையவில்லை.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:

இருவருடைய பதிவுகளும் பயனுள்ளவை. வலி மருந்து குறித்து ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பொடியில் பலன் தெரியாதபோது, சிலர் கையில் கிடைத்த வலி ஊசியைப் போடச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பது 2006லிருந்தே தடைசெய்யப்பட்டுள்ளது; கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ஆகியவையும் 2023இல் தடைசெய்யப்பட்டன. இம்மருந்துகள் உடலில் இருக்கும்போது இறந்த விலங்கைத் தின்னும் பாறு கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிகின்றன. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளை நினைத்தாவது, நீலகிரியில் குதிரை வைத்திருப்போர் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கழுகுகளுக்குத் தீங்கற்ற மெலாக்சிகாம் இருக்கிறது. குதிரைகளுக்குக் கொடுக்கும் இன்னொரு வலி மருந்தான ஃபினைல்பியூட்டசோனை நீண்ட நாள் கொடுத்தால் குடலிலும் வயிற்றிலும் புண் வரும். இரண்டு வலி மருந்துகளை ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. போட்டிகளில் இறங்கும் குதிரையாக இருந்தால் மூலிகைக் கலவைகளின் லேபிளையும் பாருங்கள். டெவில்ஸ் கிளா என்னும் கிழங்கு சேர்ந்திருந்தால், அது மருந்துச் சோதனையில் சிக்கலாகும்.

செவலை வளர்ப்பவர், பொள்ளாச்சி:

உதகை அன்பருக்கும் மருத்துவர் ஐயாவுக்கும் நன்றி. மீன் எண்ணெயின் வாடையை மல்லி விரும்பாததால், அதைக் கோதுமைத் தவிட்டில் பிசைந்துதான் இத்தனை வாரமும் கொடுத்து வந்தேன். இன்று காலை அந்தத் தவிட்டை எடை போட்டுப் பார்த்தேன். கை அளவாக எடுத்தது ஒன்றேகால் கிலோ இருந்தது. நாளை மருத்துவர் வருகிறார். அதுவரை எண்ணெயைச் சிறிது கொள்ளும் நறுக்கிய புல்லும் கலந்து வைத்துப் பார்க்கிறேன். மாலையில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியை மூக்கால் தள்ளி ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கிறாள்.