விஆர் பயிற்சியில் சுவர் தடுக்காது: பார்த்தவர்கள் எழுதுங்கள்

விஆர் (கணினி கண்முன் காட்டும் மெய்நிகர் உலகம்) கண்ணாடி மாட்டி அறைக்குள் நுழையும் ராணுவப் பயிற்சி. ஏழு பேர் கொண்ட சிறு படைக்குழு, அதாவது செக்‌ஷன். இரண்டாவது ஆளின் துப்பாக்கி கதவு நிலைக்குள்ளேயே புகுந்து போனது, கையில் ஒன்றும் தட்டவில்லை. அதே ஆள் பிறகு நிஜக் கட்டடத்தில் நுழையும்போது துப்பாக்கிக் குழல் கதவு நிலையில் 'டொக்'கென்று மோதி, வாசலிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவன் அவன் முதுகில் இடித்தான். உள்ளே இருப்பவன் குறிவைத்துக் காத்திருக்கும் இடமே வாசல்தான். அந்த 'டொக்' மனசை விட்டுப் போகவில்லை.

*

இதுக்கு சிமுலேட்டரைக் குறை சொல்லாதீங்க அண்ணே. அளவு சரிபார்க்காம ஆரம்பிச்சிருப்பாங்க. நம்ம சிங்கப்பூர் ராணுவத் துப்பாக்கி எஸ்ஏஆர் 21 நீளம் 805 மி.மீ. துப்பாக்கி இருக்கும் இடத்தைக் கணினிக்குக் காட்டும் டிராக்கரை அதில் மாட்டினதும் குழல் முனையைத் தரையில் குறிச்ச புள்ளியில் வைங்க. திரையிலும் அதே புள்ளியில் நிக்கணும். நாலு விரற்கடை தள்ளியிருந்தாலும் மூலையில் குழல் வெளியே நீட்டும், ஆளுக்கு முன்னாடி அதுதான் எதிரி கண்ணில் படும். நாலு பேர் நெருக்கி நின்னா கேமராவுக்கு டிராக்கர் மறைஞ்சு திரையில் துப்பாக்கி துள்ளும். அதனால கேமரா உயரத்தில், எதிரெதிர் மூலைகளில் இருக்கணும்.

*

புள்ளி சரியா இருந்தாலும் சுவர் கையைத் தடுக்காதே, தம்பி. முதலில் எழுதியவர் சொன்னது அதைத்தான். பிளைவுட்டில் ஒரு கதவு நிலை அடிச்சு, திரையில் வாசல் இருக்கும் அதே இடத்தில் நிறுத்துங்க. விளிம்பில் ஸ்பாஞ்ச் ஒட்டுங்க. தட்டினா கை தானா துப்பாக்கியை இறக்கப் பழகும்.

இன்னொன்று, பார்வை. மனுஷனுக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 200 டிகிரி தெரியும். பெரும்பாலான விஆர் கண்ணாடியில் 100, 110தான். பக்கத்தில் நிற்பவன் கண்ணிலேயே படமாட்டான், குழல் அவன் மேல் திரும்பிடும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மேலிருந்து பார்க்கும் ரீப்ளேயைப் போட்டு, யார் குழல் யாரைக் கடந்ததுன்னு நிறுத்தி நிறுத்திக் காட்டுங்க. சுட்ட கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்.

கால் நகராம, கைக்கருவிக் குச்சியைக் கட்டைவிரலால் தள்ளி 'நடக்க' விட்டா, நகர்றோம்னு கண் சொல்லும், நகரலைன்னு காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்லும். குமட்டல் அங்கேதான் வரும். 15 நிமிஷத்துக்கு ஒருமுறை கழற்ற வைங்க.

*

மாடிப்படியை மறந்துட்டீங்க. சிங்கப்பூர் ராணுவத்தின் நகர்ப்புறப் பயிற்சி இடமான சாஃப்டி சிட்டியில் 12 மாடி புளோக் இருக்கு. விஆரில் மூச்சு வாங்காமலே மேல் மாடி வந்துடும். நிஜத்தில் படியேறி முடிச்சவன் மார்பு ஏறி இறங்க, குறியும் சேர்ந்து ஆடும். கண்ணாடி மாட்டும் முன்னாடி முழு சுமையோட நாலு மாடி ஏற விடுங்க. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸ் உடனே மங்கும், மின்விசிறியும் உலர்ந்த துணியும் பக்கத்திலேயே இருக்கட்டும்.