சிங்கப்பூரில் 9.15, சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் 9.35: டிக்கெட்டில் நேரம் தவறா?

சேலத்துப்பெண்:
வணக்கம். அம்மாவுக்கு 67 வயது, ஜூலையில் அக்கா வீட்டுக்குத் தனியாகப் போகிறார். சனி இரவு 11.15க்குச் சென்னை, ஞாயிறு காலை 6.00க்குச் சிங்கப்பூர், அங்கே 9.15க்கு அடுத்த விமானம், அதே ஞாயிறு காலை 9.35க்குச் சான்பிரான்சிஸ்கோ என்று போட்டிருக்கிறது. பசிபிக்கையே தாண்டிப் போகிற பயணம் 20 நிமிடமா? தேதி தவறாக விழுந்திருக்குமோ? அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று தெரியாமல் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடலூரான்:
தேதி சரிதான், பயப்படாதீர்கள். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ஜூலையில் சான்பிரான்சிஸ்கோவைவிடச் சிங்கப்பூர் 15 மணி நேரம் முன்னால் ஓடுகிறது, அதனால் அம்மா இறங்கும்போது சிங்கப்பூரில் நள்ளிரவு தாண்டி 12.35. அப்படியென்றால் பயணம் 15 மணி 20 நிமிடம். வழியில், பசிபிக் நடுவே, தேதிக்கோட்டை (கிழக்கே தாண்டினால் தேதி ஒரு நாள் பின்னால் போகும் கற்பனைக்கோடு) தாண்டுவதால் ஞாயிறு மறுபடி ஞாயிறாகவே இருக்கிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூர் 4 மணி 15 நிமிடம் (இரண்டரை மணி வித்தியாசத்தைக் கழித்து), நடுவில் மூன்றேகால் மணி காத்திருப்பு. எல்லாம் சேர்த்து 22 மணி 50 நிமிடம்.

சேலத்துப்பெண்:
ரொம்ப நன்றி அண்ணா. ஆனால் டிசம்பரில் திரும்பும்போது வியாழன் காலை 10.40க்குக் கிளம்பி வெள்ளி இரவு 8.00க்குச் சிங்கப்பூர். அதே 15ஐக் கழித்தால் 18 மணி 20 நிமிடம் வருகிறதே? தூரம் ஒன்றுதானே, மூன்று மணி நேரம் எப்படிக் கூடும்?

மேகக்கூட்டம்:
டிசம்பரில் கழிக்க வேண்டியது 16. நவம்பர் முதல் ஞாயிறன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் வைத்துவிடுவார்கள், சிங்கப்பூரில் அந்த வழக்கமே இல்லை. ஆக 17 மணி 20 நிமிடம்தான். மிச்சம் இரண்டு மணி காற்றால் வருவது. சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்று அடிக்கிறது, ஜப்பானுக்கும் வட பசிபிக்குக்கும் மேலே குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். போகும்போது முதுகில் தள்ளுகிற காற்று வரும்போது முகத்தில் அடிக்கிறது, அதை ஒதுக்கிப் போக விமானி சுற்றுவழி எடுத்தால் தூரமும் கூடும்.

நேர்த்தூரம் சுமார் 13,590 கிலோமீட்டர். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்துப் பார்க்காதீர்கள், உலக உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அது நடுக்கடலில் போகாது. பிலிப்பைன்ஸின் வடமுனை, ஜப்பானின் ஒகினாவா தீவு, ஜப்பானுக்குக் கிழக்கே உள்ள கடல் என்று வளைந்து மேலே ஏறும்.

திருச்சி அத்தை:
தூரத்தை விடும்மா, மாத்திரையைச் சொல்கிறேன். ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டால் குழம்பிவிடும். நான் போனபோது பழைய வாட்சை மாற்றாமல் இந்திய நேரத்திலேயே கையில் கட்டிக்கொண்டேன், முந்தைய மாத்திரை போட்டு எத்தனை மணி ஆயிற்று என்று பார்க்க அதுதான் உதவியது. வேளை எப்படி மாற்றுவது என்பதை மட்டும் கிளம்புமுன் டாக்டரிடமே எழுதி வாங்குங்கள். மாத்திரைகள் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள்.

சேலத்துப்பெண்:
பையனின் உலக உருண்டையில் அம்மாவே தையல் நூலைப் பிடித்துப் பார்த்தார், ஒகினாவாவை ஒட்டித்தான் போகிறது! உருண்டை 30 செ.மீ. விட்டம், நூல் 32 செ.மீ., ஒரு செ.மீ.க்கு 425 கிலோமீட்டர் வைத்தால் 13,600 வருகிறது. வாட்சும் எடுத்து வைத்தாயிற்று அத்தை, பேட்டரி மட்டும் மாற்ற வேண்டும். நாளைக்கு டாக்டரைப் பார்க்கிறோம்.