பத்தாண்டு இடைவெளிக்குப் பின் மீண்டும் பவளத் தொட்டி: பழைய பாறையைப் பயன்படுத்தலாமா?

கேள்வி: சாட்ஸ்வொர்த், டர்பன்

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். 2015-ஆம் ஆண்டு வரை எங்கள் வீட்டுக் கூடத்தில் 120 செ.மீ. நீளமும், 60 செ.மீ. அகலமும், 60 செ.மீ. உயரமும் கொண்ட கடல்நீர்ப் பவளத் தொட்டி ஒன்று இருந்தது. வயதான பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருந்ததால் மீன்களையும் பவளங்களையும் நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டுத் தொட்டியைக் கலைத்துவிட்டேன். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். மகள் பள்ளித் தோழிகளோடு உஷாகா மரைன் வேர்ல்டுக்குப் போய் வந்ததிலிருந்து வீட்டில் தொட்டியைப் பற்றிய பேச்சு ஓயவில்லை. எனக்கும் அந்த ஆசை என்றுமே அடங்கியதில்லை.

கண்ணாடித் தொட்டி, அதன் கீழே வைக்கும் சம்ப் என்னும் துணைத் தொட்டி, கழிவை நுரையாக்கி நீக்கும் ஸ்கிம்மர், டி5 குழல்விளக்குகள், இரண்டு ஹீட்டர்கள் எல்லாம் கராஜில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றோடு ஏறத்தாழ 40 கிலோ பாறை பிளாஸ்டிக் கூடைகளில் காய்ந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் அது உயிர்ப்பாறை, அதாவது கடல் உயிர்கள் குடியிருக்கும் பாறை. ஊதா நிறக் கோரலைன் பாசியும் கடற்பஞ்சும் அதில் செழித்திருந்தன. ஒரு பெரிய துண்டின் ஒரு பக்கம் முழுவதும் ஜோவாந்திட் என்னும் பவளம் போன்ற உயிரி படர்ந்திருந்தது. இன்று எல்லாம் வெளுத்து, ஓட்டைகளில் பழுப்புத் தூள் அடைந்து கிடக்கிறது. இதைக் கொதிநீரில் போட்டுச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம் என்று எண்ணுகிறேன். அது சரியான வழியா?

அந்த நாட்களில் உயிர்ப்பாறையைத் தொட்டியில் அடுக்கிவிட்டுச் சில வாரங்கள் பொறுமையாக இருந்தால் மற்றவை தாமாக நடந்துவிடும். இப்போது கடைகளில் விசாரித்தால் உயிர் எதுவும் இல்லாத உலர் பாறைதான் காட்டுகிறார்கள். அது போதுமா என்று தெரியவில்லை. நீரை டர்பன் கடற்கரையில் எடுத்துக்கொள்ளலாமா, மின்வெட்டை எப்படிச் சமாளிப்பது என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஃபீனிக்ஸ்

தம்பிக்கு வணக்கம். பாறையைப் பற்றி முதலில் எழுதுகிறேன். மற்றவற்றைப் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளலாம். தொட்டி நிலைப்பதும் நிலைக்காமல் போவதும் பாறையில்தான் இருக்கிறது.

தயவுசெய்து அந்தப் பாறையைக் கொதிக்க வைக்காதீர்கள். ஜோவாந்திட் படர்ந்திருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இனத்தில் சிலவற்றில், குறிப்பாகப் பாலித்தோவா வகையில், பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கொதிநீரின் வெப்பம் அதை அழிப்பதில்லை. மாறாக அது ஆவியோடும் நீர்த்திவலையோடும் கலந்து மூச்சுக்குள் போகிறது. இவ்வாறு பாறையைச் சமையலறையில் கொதிக்க வைத்து வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் பல நாடுகளில் பதிவாகியுள்ளன. பாறை பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தது என்பதற்காக நஞ்சு போய்விட்டது என்று நம்ப முடியாது. ஆகவே உலர்ந்த நிலையில் தேய்ப்பது, பிரஷர் வாஷரால் பீய்ச்சுவது ஆகிய இரண்டும் கூடாது. வெளியில், காற்றோட்டமான இடத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, மணம் சேர்க்காத சாதாரண ப்ளீச் ஒரு பங்குக்கு நீர் பத்துப் பங்கு என்று கலந்து அதில் பாறையை ஒரு வாரம் ஊற வையுங்கள். ப்ளீச் அந்த நஞ்சையும் சிதைக்கும், ஓட்டைகளில் காய்ந்து கிடக்கும் கடற்பஞ்சு, புழு ஆகியவற்றின் எச்சத்தையும் கரைக்கும். பிறகு நல்ல நீரில் பலமுறை அலசி, மிஞ்சிய ப்ளீச்சை நீக்கும் சோடியம் தயோசல்பேட் கலந்த நீரில் ஊற வைத்து, வெயிலில் முற்றிலும் காய விடுங்கள். நீச்சல்குள அமிலத்தையும் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் ப்ளீச்சின் ஈரம் இருக்கும்போது அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது பாஸ்பேட். பல ஆண்டுகள் மீன்களுக்குத் தீனி போட்ட தொட்டியின் பாறை, பாஸ்பேட்டைத் தன்னுள் ஈர்த்து வைத்திருக்கும். புதிய நீரில் போட்டதும் அதை மெல்ல மெல்ல வெளியிடும். சுத்தம் செய்த பாறையை மூடியுள்ள பீப்பாயில் உப்பு நீரில் போட்டு, ஒரு சிறு பம்ப்பும் ஹீட்டரும் வைத்து, வாரம் ஒருமுறை பாஸ்பேட் அளந்து பாருங்கள். அளவு ஏறிக்கொண்டே போனால் நீரை மாற்றுங்கள், 0.1 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.1 பங்கு) அளவுக்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் பாறையைத் தொட்டிக்குள் அடுக்கலாம். இதற்கு இரண்டு மூன்று மாதம் ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

இனி, உலர் பாறை போதுமா என்ற கேள்வி. அந்த நாட்களில் நாம் பாறை என்று நினைத்து வாங்கியது உண்மையில் ஒரு கடல்வாழ் சமூகம். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவோடு சிறு புழுக்கள், கோப்பிபாடு என்னும் நுண் ஓட்டுயிரிகள், கோரலைன் பாசி என எத்தனையோ உயிர்கள் அதில் குடியிருந்தன. 2018-இல் ஃபிஜி உயிர்ப்பாறை ஏற்றுமதியை நிறுத்தியது. அதே ஆண்டு இந்தோனேசியாவும் பவள ஏற்றுமதியை நிறுத்தி, 2020-இல் வளர்ப்புப் பவளங்களுக்கு மட்டும் வழி திறந்தது. கடல் பவளத்திட்டுகளுக்கு அது நன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இன்றைய தொட்டிகள் வெறும் பாறையோடு தொடங்குகின்றன. வெற்றுப் பரப்பை முதலில் வந்து பிடிப்பவை டயட்டம் என்னும் நுண்பாசிகளும், அவற்றைத் தொடர்ந்து டைனோ என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் டைனோஃபிளாஜெல்லேட் நுண்ணுயிரிகளும்தான். டைனோ பழுப்புச் சளிபோல மணலிலும் பவளத்தின் நுனிகளிலும் இழை இழையாகத் தொங்கி, ஒவ்வோர் இழையின் முனையிலும் ஒரு காற்றுக்குமிழி பிடித்து நிற்கும். இரவில் மெலிந்து காலையில் போய்விட்டது போல இருக்கும், பிற்பகலுக்குள் மீண்டும் நிறைந்துவிடும். பழைய பழக்கத்தில் நாம் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல்வோம். டைனோவுக்கு அதுவே வசதியாகப் போய்விடுகிறது, ஏனெனில் ஊட்டம் இல்லாத நீரில் அதனோடு போட்டியிட வேண்டிய பாக்டீரியாவும் பாசியும் வளராமல் நின்றுவிடுகின்றன. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம் வரையிலும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரையிலும் இருக்கட்டும்.

ஆகையால் உங்கள் 40 கிலோவும் உலர் பாறையாகவே இருக்கலாம். அதோடு நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் கேட்டு இரண்டு மூன்று கைப்பிடி அளவு உயிர்ப்பாறைத் துண்டுகளையும் ஒரு கோப்பை மணலையும் வாங்கிப் போடுங்கள். பிரை ஊற்றினால்தான் பால் தயிராகும். பாட்டில் பாக்டீரியா அம்மோனியாவைச் சமாளிக்க உதவும், ஆனால் அதில் புழுவும் கோப்பிபாடும் வராது. பாக்டீரியா போதிய அளவு வளர்ந்துவிட்டதா என்று அறிய, அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பிபிஎம் அளவுக்கு உயர்த்தி, அது 24 மணி நேரத்துக்குள் பூஜ்யமாகும் வரை காத்திருங்கள். பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நைட்ரைட் அளவைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை. கடல்நீரில் உள்ள குளோரைடு, மீனின் செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. அந்த வாரங்களில் விளக்கைப் போடவே வேண்டாம்.

மறுமொழி: மவுண்ட் எட்ஜ்கம்ப்

அண்ணா, வணக்கம். ஃபீனிக்ஸ் ஐயா பாறையைப் பற்றிச் சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நீரையும் மின்சாரத்தையும் பற்றி எழுதுகிறேன்.

டர்பன் கடற்கரை நீரை நான் பயன்படுத்துவதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் சேதமடைந்து, ஈ.கோலை அளவு மிகுந்ததால் கடற்கரைகள் மூடப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். அது ஒருபுறம் இருக்க, கோடை மழைக்காலத்தில் உம்ஙெனி ஆற்று முகத்திலிருந்து வரும் கலங்கல், உப்புச்செறிவைக் குறைப்பதோடு உரத்தையும் எண்ணெயையும் கொண்டுவருகிறது. படகில் ஆழ்கடலுக்குப் போய் நீர் எடுத்து வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வசதி இல்லாதவர்களுக்கு ஆர்.ஓ. நீரில் உப்புக் கலவையைக் கரைப்பதே பாதுகாப்பானது. உங்கள் தொட்டியும் சம்ப்பும் சேர்ந்து சுமார் 400 லிட்டர் பிடிக்கும் என்றால், முதல் நிரப்புக்கு ஏறத்தாழ 15 கிலோ உப்பு தேவைப்படும். உப்புச்செறிவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), அதாவது ஒப்படர்த்தி 1.026 என்ற அளவில் இருக்க வேண்டும். சோட்வானா வளைகுடாவுக்குப் போனால் ஒரு துண்டுப் பாறை எடுத்து வரலாமே என்று சிலர் சொல்வார்கள். ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பவளத்திட்டுகளான அவை இசிமங்கலிசோ பாதுகாப்புப் பகுதிக்குள் இருக்கின்றன. அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது, எடுக்க மனமும் வரக்கூடாது.

மின்வெட்டு 2023-இல் இருந்த அளவுக்கு இப்போது இல்லை என்றாலும், அதை நம்பித் தொட்டியை அமைக்க முடியாது. லோட் ஷெடிங் இல்லாத நாளிலும் கேபிள் திருட்டால் மின்சாரம் போகத்தான் செய்கிறது. மின்சாரம் நின்றவுடன் தொட்டிக்கு வரும் முதல் ஆபத்து ஆக்சிஜன் குறைவுதான், குளிர் அல்ல. 400 லிட்டர் நீர் ஒரு பாகை குளிர்வதற்கு ஏறத்தாழ 0.45 கிலோவாட் மணி அளவு வெப்பத்தை இழக்க வேண்டும். நம் ஊரின் மிதமான குளிரில் அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகவே இரண்டு மணி நேர வெட்டில் 300 வாட் ஹீட்டரை பேட்டரியில் ஓட்டுவது வீண். நீரின் மேற்பரப்பைக் கலக்கிக்கொண்டே இருக்கும் 10 வாட் டி.சி. அலை பம்ப் ஒன்றை மட்டும் பேட்டரியில் இணையுங்கள். நான்கு மணி நேரத்துக்கு அது 40 வாட் மணிதான் எடுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி கொண்ட சிறிய லெட் ஆசிட் பேட்டரியே, பாதி அளவுக்கு மேல் காலியாக்காமல், அதைத் தாங்கிவிடும். வீட்டில் லித்தியம் பேட்டரியோடு இன்வெர்ட்டர் இருந்தால் சம்ப்பிலிருந்து நீரைத் தொட்டிக்கு ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பையும் ஸ்கிம்மரையும் அதில் சேர்க்கலாம்.

நம் ஊரில் என்னைக் கவலைப்பட வைப்பது பிப்ரவரி மாத வெப்பம். மின்விசிறியை நீரின்மேல் வீச வைத்தால் ஆவியாதலால் நீர் குளிரும் என்பது உண்மை. ஆனால் டர்பனின் ஈரக்காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது, எனவே வெப்பம் மிகுந்த நாளில்தான் மின்விசிறி கைவிடும். தொட்டி 29 பாகையைத் தாண்டினால் பவளங்கள் வெளுக்கத் தொடங்கும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க இப்போதே பணம் ஒதுக்குங்கள், அல்லது குளிர்சாதனம் உள்ள அறையில் தொட்டியை வையுங்கள்.

மறுமொழி: ஜோகன்னஸ்பர்க்

ஐயா, எங்கள் பக்கத்து வறண்ட காற்றில் மின்விசிறியே போதுமானதாக இருக்கிறது. ஆனால் 1,700 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், நீரில் கரையும் ஆக்சிஜன் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அந்த வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

பழைய கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹீட்டர்கள் இரண்டையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். பழைய தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் எரிந்தால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் போய்விடும். புதிய ஹீட்டரையும் தனிக் கன்ட்ரோலர் வழியாகவே இணையுங்கள். தொட்டியின் சிலிக்கோன் இணைப்புகளை நகத்தால் அழுத்திப் பாருங்கள், ஓரம் உரிந்து வந்தாலோ குமிழி தெரிந்தாலோ மீண்டும் ஒட்ட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோகும் முன் சமதளமான வெளித்தரையில் நீர் நிரப்பி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். ஸ்கிம்மரை வினிகரில் ஊற வைத்தால் சுண்ணாம்புப் படிவு போய்ப் புதிது போல வேலை செய்யும். டி5 விளக்கின் ஒளி பவளத்துக்கு இன்றும் குறைவானதல்ல, ஆனால் குழல்களை ஆண்டுதோறும் மாற்ற வேண்டும், அவை கிடைப்பதும் அரிதாகி வருகிறது. எல்.இ.டி.க்கு மாறினால் ஒளியைக் குறைந்த அளவில் தொடங்குங்கள். மென்பவளங்களுக்கு பார் (PAR) என்னும், ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு 75 முதல் 150 வரை போதும்.

கேள்வி கேட்டவர்: சாட்ஸ்வொர்த்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொதிநீர் எண்ணத்தைக் கைவிட்டேன். இந்த வார இறுதியில் பீப்பாய் வாங்கி வேலையைத் தொடங்குகிறேன். மவுண்ட் எட்ஜ்கம்ப் சகோதரி சொன்ன பேட்டரிக் கணக்கு மிகவும் தெளிவாக இருந்தது. மகள் ஒரு ஜோடி கோமாளி மீனும், மஞ்சள் டாங் மீன் ஒன்றும் வேண்டும் என்கிறாள். அவற்றை எந்த வரிசையில், எப்போது விடுவது? தனிமைத் தொட்டி கட்டாயம் தேவையா?

மறுமொழி: ஃபீனிக்ஸ்

தம்பி, கட்டாயம் தேவை. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் கிரிப்டோகாரியன் ஒருமுறை பவளத் தொட்டிக்குள் புகுந்துவிட்டால், அங்கே மருந்து ஊற்ற வழியில்லை. செம்பு மருந்து பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். பிறகு எல்லா மீன்களையும் பிடித்து வெளியே எடுத்து, தொட்டியை மீனில்லாமல் 76 நாட்கள் விட்டுவைக்க வேண்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. நாற்பது கிலோ பாறைக்கு நடுவில் டாங் மீனைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது உங்களுக்கே தெரியும். அதைவிட ஒரு 60 லிட்டர் தொட்டியில் ஸ்பான்ஜ் ஃபில்டரும் பி.வி.சி. குழாய்த் துண்டுகளும் வைத்து, ஒவ்வொரு புதிய மீனையும் ஒரு மாதமாவது அதில் கண்காணிப்பது எளிது.

முதலில் கோமாளி ஜோடியை விடுங்கள். தொட்டியில் பிறந்தவற்றையே கேட்டு வாங்குங்கள். அவை உணவு பழகியவை, நோய்க்கூறும் குறைவு. அடுத்து நத்தைகளும், தோல் பவளம், காளான் பவளம் போன்ற மென்பவளங்களும் வரலாம். தோல் பவளங்கள் சோட்வானாத் திட்டுகளிலும் மிகுந்து வளர்பவை, நிலையான நீரில் எளிதில் பிழைக்கும். மஞ்சள் டாங்கைக் கடைசியாக, பாறையில் பாசி நன்கு பிடித்த பிறகு, ஆறு மாதம் கழித்து விடுங்கள். வளர்ப்பில் பிறந்த மஞ்சள் டாங் 2015-க்குப் பிறகு சந்தைக்கு வரத் தொடங்கியிருக்கிறது. விலை கூடுதல்தான், ஆனாலும் அதையே பரிந்துரைக்கிறேன். தனிமைத் தொட்டிக்கென்று வலை, வாளி, குழாய் எல்லாவற்றையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் மீது சிவப்பு டேப் ஒட்டிவிட்டால் மகளும் மறந்துபோய்ப் பெரிய தொட்டியில் முக்கமாட்டாள். சுத்தமான பாறைத் துண்டுகளும் மணலும் என்னிடம் இருக்கின்றன. பீப்பாயில் பாஸ்பேட் இறங்கியதும் இங்கே எழுதுங்கள், எடுத்துவைக்கிறேன்.