இருளர் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றிதழ்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வேலூர் பக்கம் மலையடிவாரத்தில் மாலை வகுப்பு நடத்துகிற சின்னக் குழு நாங்கள். எங்களிடம் படிக்கும் மூன்று இருளர் பிள்ளைகள் பத்தாவது முடித்துவிட்டார்கள். சாதிச் சான்றிதழ் இல்லை. மார்ச்சில் இ-சேவையில் விண்ணப்பித்தோம். பெற்றோர் சான்று இல்லை என்று திருப்பிவிட்டார்கள். அப்பா அம்மாவுக்கே இல்லாததை எங்கே போய் எடுப்பது? திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்தோம், கையில் ரசீதுதான் மிச்சம். எஸ்.டி. சான்று கோட்டாட்சியர் கையெழுத்தில் வருவது என்பதால் வி.ஏ.ஓ.வும் கைவிரிக்கிறார்.

அப்புறம், ஒன்று இருக்கிறது. மூவருக்கும் ஒரே தாத்தா. மரம் வெட்டும் கொத்தடிமை வேலையிலிருந்து அவரை மீட்டபோது 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி கொடுத்த விடுதலைச் சான்று. மடிப்பில் கிழிந்திருந்தாலும் 'இருளர்' என்ற எழுத்து தெளிவாக இருக்கிறது.

பெற்றோர் சான்றுக்குப் பதிலாக இதை வைத்து யாராவது சாதிச் சான்றிதழ் வாங்கியிருக்கிறீர்களா?