நிறுத்திய ஆளியிலும் 68 வோல்ற்றா?

வெள்ளவத்தையில் நான்காம் மாடி வீடு. மின்குமிழைக் கழற்றி, ஆளியை நிறுத்திவிட்டு ஹோல்டரின் இரு முனைகளையும் டிஜிட்டல் மல்டிமீற்றரால் அளந்தேன். 68 வோல்ற்று! ஆளியைப் போட்டால் 231. ட்ரிப் ஸ்விட்ச் விழவில்லை. அம்மா அந்த அறைக்குள் போகவே அஞ்சுகிறார். மின்கசிவா?

பதில் 1
தம்பி, முப்பது வருடமாக வயரிங் செய்கிறேன். இது பெரும்பாலும் கசிவன்று. உயிர்க்கம்பியும் (மின் வரும் கம்பி) ஆளியிலிருந்து வரும் கம்பியும் ஒரே குழாய்க்குள் ஒட்டி ஓடுகின்றன. இரண்டும் சேர்ந்து சிறு கொள்ளளவியாகி (கப்பாசிற்றர்) விடுகின்றன; அதன் வழியே வரும் மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் மீற்றர் வோல்ற்றாகக் காட்டுகிறது. உங்கள் மீற்றரின் உட்தடை 10 மெகாஓம் என்றால், 68 வோல்ற்றுக்குப் பாய்வது வெறும் 6.8 மைக்ரோஅம்பியர். பழைய இழைக் குமிழொன்றை அதே முனைகளில் இணைத்து அளந்தால் பூச்சியத்துக்கு விழும்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: ஆளி நிறுத்தியிருக்க, குமிழ் இணைத்தபடியே முனைக்கும் புவிக்கம்பிக்கும் இடையே 230 வந்தால், ஆளியை உயிர்க்கம்பியில் அல்லாமல் நொதுமலில் (மின் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி) பூட்டியிருக்கிறார்கள். அது உயிராபத்து. உடனே மாற்றுவியுங்கள்.

பதில் 2
எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் எல்ஈடி குமிழ் இரவில் மங்கலாக எரிந்ததும் இதனால்தான்.

கேட்டவர்
அண்ணா, இழைக் குமிழுடன் 0.2. புவிக்கம்பிக்கும் அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.